ஊழியர் ஈடுபாடு குறையும்போது முதலில் குறைக்க வேண்டியவை

சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் ஏறத்தாழ இருநூறு பேர் பணிபுரியும் ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஊழியர் ஈடுபாட்டு ஆய்வில் மதிப்பெண் ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வருகிறது. குடும்ப தினம், நீண்டகாலச் சேவை விருது, உணவுப் பற்றுச்சீட்டு என்று எல்லாவற்றையும் செய்து பார்த்தாகிவிட்டது. ஆய்வின் கடைசிப் பகுதியில் ஊழியர்கள் எழுதுவதெல்லாம் படிவங்கள், அனுமதிகள், கூட்டங்கள், வாட்ஸ்அப் குழுக்கள் பற்றியே இருக்கின்றன. நிர்வாக இயக்குநரோ ஒவ்வொரு படிவத்துக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, எதையும் எடுக்க முடியாது என்கிறார். எங்கிருந்து தொடங்குவது, அவரை எப்படி இணங்க வைப்பது, பலன் எப்போது தெரியும் என்பவை அந்த மனிதவளப் பிரிவினரின் மூன்று கேள்விகள்.

ஒப்புதல் கையெழுத்துகளில் தொடங்குங்கள் என்பதே என் பதில். வேலையிடத்தை எளிமையாக்குவது என்றவுடன் பலரும் புதிய மென்பொருளையோ துறைகளின் மறுசீரமைப்பையோதான் நினைக்கிறார்கள். உண்மையில் அது, மேலே இருக்கும் ஒருவர் தம் கையில் வைத்திருக்கும் ஏதோ ஒன்றை, அதாவது ஒரு கையெழுத்தையோ வாராந்திர அறிக்கையையோ கூட்டத்தையோ, விட்டுக்கொடுப்பதில்தான் அடங்கியிருக்கிறது. யாரும் எதையும் விட்டுக்கொடுக்காமல் எளிமை வந்த இடத்தை நான் பார்த்ததில்லை.

சிக்கலான வேலைமுறைக்கும் ஈடுபாட்டுக்கும் என்ன தொடர்பு என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஊழியர் ஈடுபாடு என்ற கருத்தை ஆய்வுலகில் நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் வில்லியம் கான். அவர் 1990ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒரு கோடைகால முகாமின் பணியாளர்களையும் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தின் ஊழியர்களையும் கூர்ந்து கவனித்து, மனிதர்கள் எப்போது வேலையில் தம்மை முழுமையாகச் செலுத்துகிறார்கள், எப்போது உள்ளுக்குள் விலகிக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்தார். அதற்கு மூன்று நிலைமைகள் வேண்டும் என்றார்: செய்யும் வேலைக்குப் பொருள் உண்டு என்ற உணர்வு, மனத்தில் பட்டதைச் சொன்னால் தனக்குக் கேடு வராது என்ற நம்பிக்கை, வேலையில் இறங்குவதற்கு வேண்டிய உடல், மனத் தெம்பு. தேவையற்ற சிக்கல் இம்மூன்றையும் ஒருசேர அரிக்கிறது. ஒரே தகவலை மூன்று இடங்களில் எழுதுபவருக்கு வேலையின் பொருள் மங்குகிறது. எந்த விதியை எப்போது மீறினோம் என்று தெரியாத இடத்தில் வாய் திறக்கப் பயம் வருகிறது. வேலைநேரத்தின் பெரும்பகுதி காத்திருப்பதிலும் தேடுவதிலும் கழிந்த பிறகு தெம்பு மிஞ்சுவதில்லை. உலகளவில் ஊழியர் ஈடுபாட்டை ஆண்டுதோறும் அளக்கும் கேலப் நிறுவனம், 2024ஆம் ஆண்டுக்கான அளவு 21 விழுக்காடு என்று அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் அது 23 விழுக்காடாக இருந்தது. ஆகவே உங்கள் நிறுவனம் தனித்த நோயாளி அன்று. ஆனால் உங்கள் ஊழியர்கள் காரணத்தைத் தெளிவாக எழுதித் தந்திருக்கிறார்கள். பல நிறுவனங்களுக்கு அது கிடைப்பதில்லை.

நான் அருகிலிருந்து பார்த்த ஒரு கிடங்கில் நடப்பதைச் சொல்கிறேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஒருவர், சரக்கை அடுக்கி வைக்கும் பேலட் என்ற மரத்தட்டு ஒன்றின் அடிப்பலகை பிளந்திருப்பதைக் காண்கிறார். உடனே படம் எடுத்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போடுகிறார். பிறகு முகப்புக்குப் போய் ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தை நிரப்ப வேண்டும். வேலைநேர முடிவில் மேற்பார்வையாளர் அந்தப் படிவத்தைப் பார்த்து எக்ஸெல் பட்டியலில் ஏற்றுகிறார். மறுநாள் காலை அலுவலக ஊழியர் அதே விவரத்தை நிறுவனத்தின் கணினி முறைக்குள் தட்டுகிறார். அங்கிருந்து பேலட்டை மாற்ற ஒப்புதல் கேட்டுச் செயல்பாட்டு மேலாளருக்கு மின்னஞ்சல், அவரிடமிருந்து நிதிப் பிரிவுக்கு இன்னொன்று. அதுவரை அந்தப் பேலட், மேலே இருக்கும் சரக்கோடு, சிவப்பு நாடா ஒட்டப்பட்டு நடைபாதையின் ஓரத்தில் நிற்கிறது. அதைச் சுற்றி வளைத்து ஓட்டுவதும் அதே ஓட்டுநர்தான். சில மாதங்களுக்குப் பிறகு அவர் படம் எடுப்பதை நிறுத்திவிட்டார். பிளந்த பேலட்டைக் கண்டால் ஓசையின்றி மூலைக்குத் தள்ளிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். இவர்களுக்கு அக்கறையே இல்லை என்று மேலாளர் வருந்தினார். அந்த ஓட்டுநருக்கு அக்கறை இருந்தது. அக்கறை காட்டினால் அரைமணி நேரம் கூடுதல் வேலை என்ற பாடத்தை அவருக்குக் கற்பித்தது அந்த நடைமுறைதான்.

அந்தக் கோரிக்கையில் கையெழுத்திட்ட மேலாளரிடமும் நிதிப் பிரிவினரிடமும், கடந்த ஓராண்டில் இத்தகைய கோரிக்கையை எப்போதாவது மறுத்திருக்கிறீர்களா என்று கேட்டால், இல்லை என்ற விடைதான் வரும். இந்த ஒரு கேள்வியைத்தான் உங்கள் முதல் கருவியாக நான் பரிந்துரைக்கிறேன். ஒருபோதும் மறுக்கப்படாத ஒப்புதல், பெயரளவில் மட்டுமே ஒப்புதல். நடைமுறையில் அது தகவல் தெரிவிப்பு. தகவல் போதும் என்றால், வேலை நடந்த பிறகு வாரம் ஒருமுறை ஒரு பட்டியலாகப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் நிறுவனத்தில் எங்கெங்கே கையெழுத்து கேட்கப்படுகிறது என்று ஒரே தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஓராண்டில் மறுக்கப்பட்ட எண்ணிக்கையையும், கோரிக்கை சராசரியாக எத்தனை நாள் காத்திருக்கிறது என்பதையும் குறியுங்கள். மறுப்பு பூஜ்யமாகவும் காத்திருப்பு நீளமாகவும் இருக்கும் வரிகள்தாம் உங்கள் தொடக்கம். அவற்றில் முடிவை, வேலைக்கு மிக அருகில் இருப்பவரிடம், ஒரு பண வரம்போடு ஒப்படையுங்கள். மேற்பார்வையாளர் இத்தனை வெள்ளி வரை கேட்காமலே செலவிடலாம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டால், அவருக்குக் கீழே இருப்பவர்களும் அவரிடம் பேச முன்வருவார்கள். ஏனென்றால் அவரால் ஏதாவது செய்ய முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்றை மட்டும் தளர்த்தாதீர்கள். பொருளைக் கேட்பவர், வாங்குபவர், பணம் கொடுப்பவர் ஆகிய மூவரும் ஒரே ஆளாகிவிடக் கூடாது. அந்தப் பிரிவினை மோசடிக்கு எதிரான காவல். அதை எளிமையின் பெயரால் எடுத்தால் பின்னால் வரும் விசாரணையின் சிக்கலுக்கு எல்லாப் படிவங்களையும் சேர்த்தாலும் ஈடாகாது.

இனி உங்கள் நிர்வாக இயக்குநரைப் பற்றி. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. படிவங்கள் காரணமின்றிப் பிறப்பதில்லை. ஒரு சரக்கு தவறான முகவரிக்குப் போயிருக்கும், வாடிக்கையாளர் கோபப்பட்டிருப்பார், இனி இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும் என்று அன்று மாலையே முடிவாகியிருக்கும். சிக்கல் என்னவென்றால், ஒரு விதியைச் சேர்க்க ஒரு மாலைப்பொழுது போதும். அதை எடுக்கவோ யாருக்கும் பொறுப்பில்லை. மனித மனமே சேர்ப்பதை நோக்கித்தான் சாய்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டு ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. லெகோ கட்டைகளால் ஆன ஓர் அமைப்பைச் சீராக்கச் சொன்னபோது, கட்டைகளை எடுப்பதே சிக்கனமான தீர்வாக இருந்தும், பலர் கட்டைகளைச் சேர்க்கவே முனைந்தார்கள். எடுப்பதற்குச் செலவில்லை என்று வெளிப்படையாக நினைவூட்டியபோது எடுத்தவர்களின் எண்ணிக்கை கூடியது. அதே ஆய்வாளர்கள், ஒரு பல்கலைக்கழகத்துக்குப் புதிய தலைவர் வந்து மேம்பாட்டு யோசனைகளைக் கேட்டபோது வந்த பதில்களையும் பார்த்தார்கள். அவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்று மட்டுமே, இருக்கும் எதையாவது நீக்குங்கள் என்று சொன்னது. ஆகவே ஊழியர்களிடம் யோசனை சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டால் உங்களுக்குக் கிடைப்பது இன்னும் சில படிவங்களாக இருக்கலாம். எதை நிறுத்தலாம் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

இயக்குநரிடம் படிவங்களை ஒழிப்போம் என்று போகாதீர்கள். அவர் காலத்தில் நடந்த விபத்துகளையும் நட்டங்களையும் நீங்கள் அற்பமாக நினைப்பதாக அவருக்குத் தோன்றும். மாறாக, ஒவ்வொரு படிவமும் எந்தச் சம்பவத்தால் பிறந்தது என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே சம்பவம் நாளை மீண்டும் நடக்க இருந்தால், இந்தப் படிவம் அதைத் தடுக்குமா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். இரண்டாவது கையெழுத்து வேலைநேரத்தின் இறுதியில் ஐம்பது தாள்களில் ஒரே மூச்சில் போடப்படுகிறது என்றால், அது தவறான சரக்கு லாரியில் ஏறுவதை எப்படித் தடுக்கும்? அதைவிட, ஒரே மாதிரி தோன்றும் இரண்டு பொருள்களைத் தனித்தனி வரிசைகளில் வைப்பதும், ஏற்றும் இடத்திலேயே பட்டைக்குறியை ஸ்கேன் செய்வதும் அவருடைய பழைய கவலைக்கு நேர்மையான மருந்து. அவருடைய அச்சத்தை மதித்து, அதற்கு மேலான காவலைக் கொடுத்த பிறகு படிவத்தைக் கேட்டால் பெரும்பாலும் தருவார். கூடவே இரண்டு விதிகளுக்கு அவருடைய சம்மதத்தைப் பெறுங்கள்: புதிய படிவம் ஒன்று வந்தால் பழையது ஒன்று போக வேண்டும், எந்தப் புதிய நடைமுறைக்கும் ஓராண்டு ஆயுள்தான், தொடர வேண்டுமென்றால் கேட்டுப் புதுப்பிக்க வேண்டும்.

அவர் வரலாற்றில் ஆர்வமுள்ளவர் என்றால் ஒரு சிங்கப்பூர்த் தொடர்பையும் சொல்லலாம். இருக்கும் நேரத்தை நிரப்பும் அளவுக்கு வேலை விரிந்துகொண்டே போகும் என்ற புகழ்பெற்ற கருத்தை 1955ஆம் ஆண்டு நவம்பரில் எழுதிய சிரில் நார்த்கோட் பார்க்கின்சன், அப்போது இங்கே மலாயாப் பல்கலைக்கழகத்தில் ராஃபிள்ஸ் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தார். அவர் எடுத்துக்காட்டியது பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தை. 1914க்கும் 1928க்கும் இடையில் பெரிய போர்க்கப்பல்களின் எண்ணிக்கை 62இலிருந்து 20 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் தலைமையக அதிகாரிகளின் எண்ணிக்கை 2,000இலிருந்து 3,569 ஆக உயர்ந்தது. அதிகாரிகள் ஒருவருக்கொருவர் வேலை உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்றார் அவர். ஒவ்வொருவரும் நாள் முழுவதும் உண்மையாகவே உழைத்தாலும் கப்பல்கள் கூடவில்லை என்பதுதான் அதில் எனக்கு முக்கியமாகப் படுவது. சோம்பேறிகளைத் தேடினால் காரணம் அகப்படாது.

எளிமையாக்கும்போது தொடக்கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் மக்களில் பலர் கப்பல் பட்டறைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் கிடங்குகளிலும் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்பவர்கள். தொட்டி போன்ற அடைபட்ட இடங்களுக்குள் இறங்கும் முன் காற்றைச் சோதிப்பது, அதற்கான பெர்மிட் பெறுவது, வெல்டிங் போன்ற தீப்பொறி பறக்கும் வேலைக்கு அனுமதி பெறுவது ஆகியவை வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் வரும் கடமைகள். அவற்றில் ஒரு வரியைக்கூடச் சுருக்காதீர்கள். அவற்றின் சூழலை மட்டும் எளிமையாக்குங்கள். காலையில் வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங் என்ற பாதுகாப்புக் கூட்டத்தில், அன்றைய வேலைக்குத் தொடர்பில்லாத பொது அறிவுரைகள் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் வாசிக்கப்பட்டு, எல்லாரும் வரிசையாகக் கையெழுத்திட்டுக் கலைவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அன்று எந்தத் தொட்டி, எந்த ஆபத்து, யார் காவல் நிற்பார் என்ற மூன்றை மட்டும் தமிழிலும் வங்காளத்திலும் சீனத்திலும் சொல்லி, கேட்டவர்களில் ஒருவரைத் திருப்பிச் சொல்லச் செய்தால், நேரமும் குறையும், பாதுகாப்பும் கூடும்.

மொழி என்று வந்ததால் இன்னும் சற்று சொல்ல வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரின் வேலையிடச் சிக்கல்களைப் பற்றிப் பேசுபவர்கள் இதைப் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் கருத்து. ஒரே தளத்தில் நான்கைந்து மொழிகள் பேசுவோர் வேலை செய்கிறார்கள். படிவமோ ஆங்கிலத்தில் இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வந்த ஓர் ஊழியர், இருபது ஆண்டு அனுபவத்தோடு இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவார். படிவத்தில் அதை எழுத முடியாததால், பெயரையும் தேதியையும் மட்டும் நிரப்பிவிட்டு, பழுது என்ன என்ற கட்டத்தில் “நாட் ஓகே” என்று எழுதுகிறார். அவருடைய அறிவு அங்கேயே நின்றுவிடுகிறது. பெட்டிகளில் குறியிடும் படப் படிவம், அல்லது தமிழில் பேசிப் பதிவுசெய்து அனுப்பும் குரல்செய்தி, இதற்குப் பெரிய செலவில்லாத மாற்று. உங்கள் ஈடுபாட்டு ஆய்வே ஆங்கிலத்தில் மட்டும் நடந்திருந்தால், யாருடைய குரல் இதுவரை உங்களை எட்டவில்லை என்பதையும் யோசியுங்கள். தமிழ் பேசும் மூத்த ஊழியர் ஒருவரை, “அண்ணே, இதில் எது வீண் வேலை?” என்று அவருடைய இடத்திற்கே போய்க் கேட்டால், ஆய்வில் கிடைக்காதது அரைமணி நேரத்தில் கிடைக்கும்.

ஊழியர்களிடமே கேட்டுத் திருத்தும் வழக்கம் இந்நாட்டுக்குப் புதிதன்று. 1981இல் தொடங்கிய உற்பத்தித்திறன் இயக்கத்தையும், 1982இல் அதன் சின்னமாக வந்த டீமி தேனீயையும் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அக்காலத்தில்தான், ஊழியர்கள் சிறு குழுக்களாகக் கூடி வேலையின் குறைகளைத் திருத்தும் தரக் கட்டுப்பாட்டு வட்டங்கள் தொழிற்சாலைகளில் பரவின. அரசாங்கச் சேவையில் 1995இல், 21ஆம் நூற்றாண்டுக்கான பொதுச் சேவை என்று பொருள்படும் பிஎஸ்21 இயக்கம் வந்தது. தொழில்செய்வோருக்குத் தடையாக இருக்கும் அரசாங்க விதிகளை ஆராய 2000ஆம் ஆண்டு ஒரு குழுவே அமைக்கப்பட்டது. இத்தகைய முயற்சிகள் எங்கும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு: தலைக்கு இத்தனை யோசனை என்று கணக்கு வைக்கத் தொடங்கினால், எண்ணிக்கைக்காக எழுதப்படும் யோசனைகள் பெருகி, யோசனைப் படிவமே இன்னொரு சுமையாகிவிடும். எண்ணிக்கை வேண்டாம். சொல்லப்பட்ட ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரத்துக்குள் ஆம், இல்லை, ஏன் என்ற பதில் போனால் போதும்.

வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. ஒரு விஷயத்துக்கு ஒரு வழி என்று முடிவுசெய்யுங்கள். அவசரம் என்றால் தொலைபேசி, வேலை மாற்றம் என்றால் ஒரே ஒரு குழு, மற்றவை அறிவிப்புப் பலகை. வேலைநேரத்துக்குப் பிறகு எதற்குப் பதில் சொல்ல வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை எழுதி ஒட்டுங்கள். வேலையிட மனநலம் குறித்து அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் சேர்ந்து 2020ஆம் ஆண்டு வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பும் இத்தகைய தெளிவைத்தான் ஊக்குவிக்கிறது. வேலை செய்யும் நேரம், இடம் போன்றவற்றில் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக் கோரிக்கைகள் குறித்த முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. முறையாக விண்ணப்பித்த ஊழியருக்கு இரண்டு மாதத்துக்குள் எழுத்துபூர்வமாகப் பதில் அளிக்க வேண்டும். அதற்காக ஐந்து கையெழுத்துப் படிவம் ஒன்றை உருவாக்கிவிடாதீர்கள். நேரடி மேலாளரும் மனிதவளப் பிரிவும் போதும்.

மென்பொருள் வாங்குவதைக் கடைசிக்கு ஒத்திவையுங்கள். வீணான ஏழு படிகளைக் கணினியில் ஏற்றினால் வீணான ஏழு படிகள் வேகமாக நடக்கும், அதோடு கடவுச்சொல் ஒன்று கூடும்.

ஊழியர்கள் மனத்தில் இருந்தும் வெளியே சொல்லாத ஓர் அச்சத்தை நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். எளிமையாக்கம் என்றால் ஆட்குறைப்பு என்றே பலர் புரிந்துகொள்வார்கள். எக்ஸெல் பட்டியலை ஆண்டுக்கணக்கில் தட்டிவரும் அலுவலக ஊழியருக்கு, அந்தப் பட்டியல் தேவையில்லை என்று நீங்கள் சொல்வது தான் தேவையில்லை என்று கேட்கும். இந்த முயற்சியால் யாரும் வேலை இழக்க மாட்டார் என்ற உறுதியை இயக்குநர் தம் வாயால், தொடங்கும் முன்பே தர வேண்டும். தர முடியாதென்றால் தொடங்காதீர்கள், ஏனெனில் அதன் பிறகு எவரும் உங்களிடம் உண்மை சொல்லமாட்டார். அந்த ஊழியருக்கு வாடிக்கையாளர் தொடர்பு, சரக்கு இருப்புத் திட்டமிடல் போன்ற வேலைகளைப் பழக்கலாம். அவர் 40 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர் என்றால், பயிற்சிக்காக அரசாங்கம் 2024 மே மாதம் முதல் வழங்கிவரும் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை, செலவிடாமல் வைத்திருந்தால், அவர் கணக்கில் இருக்கும். பயிற்சிக்கு வேலைநேரத்திலேயே இடம் கொடுப்பது உங்கள் பங்கு.

பலன் எப்போது தெரியும் என்ற கேள்விக்கு, ஆண்டு ஆய்வின் மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள் என்பேன். அது மெதுவாகத்தான் அசையும், மாதந்தோறும் ஆய்வு நடத்தினால் அதுவும் ஒரு படிவமாகிவிடும். முதலில் மாறுவது காத்திருக்கும் நாள்கள். ஒப்புதல்களை மாற்றிய சில வாரங்களிலேயே அது உங்கள் தாளில் தெரியும். அடுத்து, பழுதுகளையும் நூலிழையில் தப்பிய விபத்துகளையும் பற்றிய தகவல்கள் கூடும். அப்போது இயக்குநர் பதறுவார், கிடங்கு மோசமாகிவிட்டது என்பார். முன்பு மூலைக்குத் தள்ளப்பட்டவை இப்போது சொல்லப்படுகின்றன என்று அவரிடம் முன்கூட்டியே விளக்கி வையுங்கள். அந்த மாதத்தில் எந்த மேற்பார்வையாளரும் எண்ணிக்கை கூடியதற்காகக் கடிந்துகொள்ளப்படாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.